நுவரெலியா ஜாக்கெட் வின்னிபெக்குக்குப் போதுமா? வாசகர் கேள்வி பதில்

1996 தொடக்கம் 2017 வரை கனடாவில் இருந்தேன். முதல் மூன்று குளிர்காலம் வின்னிபெக்கில், மிச்சமெல்லாம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுக்க வைப்பது என் வேலை. ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. அதனால் ஸ்னோவில் கார் ஓடுவதும் தெரியும், ஸ்னோ மூடிய வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இப்போது வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். போன இதழில் கனடாக் குளிர்காலத்தைப் பற்றி எழுதிய பிறகு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

என் மகன் ஜனவரியில் வின்னிபெக்குக்குப் படிக்கப் போகிறான். நுவரெலியா பேல் பஸாரில் தடிப்பான ஜாக்கெட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். அது போதுமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

வாங்குங்கள் அம்மா. விமான நிலையத்தில் இறங்கி அறைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் உதவும். ஆனால் ஒரு முழுக் குளிர்காலத்தை அந்த ஜாக்கெட்டை நம்பி விடாதீர்கள். நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிகிறதே, அது பூச்சியம் பாகையை ஒட்டிய குளிர். வின்னிபெக்கில் ஜனவரி இரவு மைனஸ் 20 என்பது சாதாரணம். மைனஸ் 30ஐயும் பிள்ளை பார்ப்பான். காற்றும் சேர்ந்து மைனஸ் 28 போல உறைக்கிற நாளில், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்தான் அது.

ஜாக்கெட்டை விட காலுக்கும் கைக்கும் காதுக்கும் காசு செலவழியுங்கள். பூட்ஸை இங்கே வாங்க வேண்டாம், அங்கே போய் வாங்கட்டும். தடித்த காலுறை போட்டும் விரல் அசைய இடம் இருக்க வேண்டும். இறுகினால் இரத்தம் ஓடாது, கால் இன்னும் குளிரும். கையுறையில் ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை உள்ளதை விட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கிற வகைதான் சூடு.

உள்ளே போடும் பெனியன் பருத்தியாக இருக்கக் கூடாது. கொழும்புக்குப் பருத்தியை விட நல்ல துணி இல்லை, எனக்கும் அதுதான் பழக்கம். ஆனால் அங்கே நடந்து வேர்த்தால் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். கம்பளி அல்லது பொலியெஸ்டர் உள்ளாடை, அதன் மேல் ஒரு ஸ்வெற்றர், அதன் மேல் காற்றை மறிக்கிற ஜாக்கெட். வகுப்பறைக்குள் 21, 22 பாகை இருக்கும், அப்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

மூக்கு நுனியிலோ விரலிலோ வெள்ளையாகி உணர்ச்சி போய்விட்டால் தேய்க்கக் கூடாது. விரலைக் கமக்கட்டுக்குள் வைக்கட்டும், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கட்டும். ஹீற்றரில் காய்ச்சக் கூடாது. மரத்துப்போன தோல் சுடுவது அவனுக்கே தெரியாது. வெள்ளை மாறாவிட்டால் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

14 வருடமாகக் கொழும்பில் வான் ஓடுகிறேன். ஹட்டன் வளைவுகளில் மழையிலும் பனிமூட்டத்திலும் ஓடிய கை. ரொறன்ரோவில் இருக்கும் மனைவியிடம் போகப் போகிறேன். ஸ்னோவில் ஓடுவதற்குத் தனியாகப் படிக்க வேண்டுமா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

படிக்கத்தான் வேண்டும் தம்பி. ஹட்டன் கை உங்களுக்கு நிச்சயமாக உதவும். பிறேக்கை மெதுவாகத் தொடுவது, வளைவுக்கு முன்பே வேகம் குறைப்பது எல்லாம் அங்கேயும் அதேதான். ஆனால் ரயர் விஷயம் முற்றிலும் வேறு.

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் றப்பர் இறுகிவிடும். றோட்டில் ஒரு துளி ஸ்னோ இல்லாவிட்டாலும் பிடிப்புக் குறையும். விண்டர் ரயரின் றப்பர் அந்தக் குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். ரயரின் பக்கத்தில் மூன்று முடி உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். கியூபெக்கில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டிருந்தால் காப்புறுதியில் கழிவு தர வேண்டும் என்று 2016 முதல் விதி உண்டு. கேட்டு வாங்குங்கள்.

நான்கும் மாற்ற வேண்டும். நான் ஸ்காபரோவுக்கு வந்த புதிதில், பழைய ரயர் விற்கிற ஒருவர், முன்சில்லு இழுக்கிற கார்தானே, முன்னுக்கு இரண்டு போதும் என்று சொல்லி இரண்டை மட்டும் பூட்டி அனுப்பினார். நானும் காசு மிச்சம் என்று வந்துவிட்டேன். அடுத்த கிழமை, பெருந்தெருவிலிருந்து இறங்கும் வளைவில் பிறேக்கைத் தொட்டேன். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் நிற்கவில்லை. கார் அரை வட்டம் சுற்றி, நான் வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. பின்னால் ஒருவரும் வராதது கடவுள் செயல். அன்று மாலையே மற்ற இரண்டையும் வாங்கினேன்.

ரயர் காற்றையும் மாதம் ஒருமுறை பாருங்கள். குளிர் ஐந்தாறு பாகை கூடக்கூட ஏறக்குறைய ஒரு இறாத்தல் காற்று குறையும். ஒக்ரோபரில் சரியாக இருந்த ரயர் ஜனவரியில் தொய்ந்து போயிருக்கும்.

அடுத்தது வைப்பர் தண்ணீர். இங்கே நாங்கள் குழாய்த் தண்ணீரை ஊற்றுவோம். வின்னிபெக்கில் முதல் நவம்பரில் நானும் அப்படித்தான் ஊற்றினேன். முன்னால் போன லொறி உப்பும் சேறும் கலந்த கரைசலை என் கண்ணாடியில் அடித்தது. வைப்பரைப் போட்டேன். தண்ணீர் வரவில்லை, வைப்பர் அந்தச் சேற்றைக் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது. பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியபடி ஓரம் கட்டினேன். வீட்டுக்கு வந்து பொனற்றைத் திறந்தால், தண்ணீர் உறைந்து பெருத்து அந்தப் பிளாஸ்டிக் தாங்கியையே பிளந்திருந்தது. மைனஸ் 40 வரை உறையாது என்று எழுதியிருக்கும் திரவத்தை வாங்கி ஊற்றுங்கள். பெரும்பாலும் நீலமாக இருக்கும், அதில் மெதனோல் இருக்கிறது, கொடிய நஞ்சு. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சறுக்கினால் என்ன செய்வது? எக்சிலேற்றரில் இருந்து காலை எடுங்கள். எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் ஸ்ரியரிங்கைத் திருப்புங்கள். மோதப்போகும் கம்பத்தைப் பார்த்தால் கை அங்கேதான் போகும். ஏபிஎஸ் (பிறேக் போடும்போது சில்லு இறுகிச் சறுக்காமல் தடுப்பது) உள்ள கார் என்றால், அவசரத்தில் பிறேக்கை அழுத்தி அப்படியே பிடியுங்கள். கால் அடியில் டக்டக்கென்று அதிரும், பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். முதல் ஸ்னோ விழுந்ததும் ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத பெரிய பார்க்கிங்குக்குப் போய் இதையெல்லாம் வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஒரு மணித்தியாலம் போதும்.

கண்ணுக்குத் தெரிகிற ஸ்னோவை விட, தெரியாத ஐஸ்தான் ஆளைக் கொல்லும். பூச்சியத்தை ஒட்டிய நாட்களில் றோட்டு வெறும் ஈரம் போலத்தான் இருக்கும். முன்னால் போகிற காரின் சில்லைப் பாருங்கள். தண்ணீர் தெறித்துக்கொண்டே வந்து, றோட்டு இன்னும் ஈரமாகத் தெரியும்போதே தெறிப்பு நின்றுவிட்டால், அங்கே ஐஸ். பாலங்களில் கீழாலும் குளிர் காற்றுப் போவதால் அவைதான் முதலில் உறையும். கொழும்புக் காலி வீதியில் நாங்கள் விடுகிற இடைவெளியை மறந்துவிடுங்கள். அங்கே காய்ந்த றோட்டில் மற்றவர்கள் விடுவதைப் போல இரண்டு, மூன்று மடங்கு விடுங்கள். யாராவது நடுவில் நுழைந்தால் நுழையட்டும். கூரையில் கிடக்கிற ஸ்னோவையும் தள்ளிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். பிறேக் போட்டதும் அது அப்படியே முன்கண்ணாடியில் சரியும்.

இன்னொன்று. புறப்படுவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், எத்தனை வருடமாக அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று உறுதிப்படுத்தும் கடிதத்தை எடுத்துவிடுங்கள். ஒன்ராறியோவில் அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். கடிதம் இல்லாமல் போய், புதிதாகப் பழகுகிறவர்களோடு சேர்ந்து மாதக்கணக்கில் காத்திருந்த எத்தனையோ நல்ல சாரதிகளை எனக்குத் தெரியும்.

வின்னிபெக்கில் இருக்கும் அண்ணா அனுப்பிய படத்தில், அவருடைய காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு ப்ளக் வயர் தொங்குகிறது. பெற்றோல் காருக்கு எதற்குக் கரண்ட்?
– பாடசாலை மாணவி, தெஹிவளை

நல்ல கேள்வி பிள்ளை. எனக்கும் முதன்முதலில் பார்த்தபோது அதே சந்தேகம்தான். நுவரெலியாவுக்குப் போனால் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிவிடும் அல்லவா? கடும் குளிரில் என்ஜின் ஒயிலும் அப்படித் தடித்துவிடும், என்ஜின் சுற்ற மறுக்கும். மைனஸ் 18 பாகையில் பற்றரியின் பலமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். வலு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் வலு குறைவு. அதனால் என்ஜினுக்குள் ஒரு சின்ன ஹீற்றர் வைத்திருக்கிறார்கள், அதன் வயர்தான் அது. அங்கே அடுக்குமாடி வீடுகளின் பார்க்கிங்கில் ஒவ்வொரு காருக்கும் ப்ளக் உள்ள ஒரு கட்டைக் கம்பம் நிற்கும். இரவு முழுக்கச் செருகி வைக்கத் தேவையில்லை, புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பு போதும். அண்ணாவை ஒரு ரைமர் வாங்கச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் இது அவ்வளவாகத் தேவைப்படாது.

மகளின் பிரசவத்துக்காக நவம்பரில் ஸ்காபரோ போய், மார்ச் வரை இருக்கப் போகிறோம். போன வருடம் போய் வந்த சம்பந்தி அம்மா, மூக்கால் இரத்தம் வந்தது, யன்னலில் தண்ணீர் வடிந்தது, தோசை மா பொங்கவே இல்லை என்கிறா. நாங்கள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
– கணவனும் மனைவியும், பம்பலப்பிட்டி

சம்பந்தி அம்மா சொன்ன மூன்றும் உண்மை. மூன்றுக்கும் வழி இருக்கிறது.

குளிர் காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதே காற்றை வீட்டுக்குள் 21 பாகைக்குச் சூடாக்கினால், கருவாடு காய வைக்கிற அளவுக்கு உலர்ந்துவிடும். கடற்கரைக் காற்றிலேயே வளர்ந்த எங்களுடைய மூக்கு அதைத் தாங்காது. படுக்கையறையில் காற்றுக்கு ஈரம் கொடுக்கிற கருவி ஒன்று வையுங்கள். ஈரப்பதன் 30 முதல் 40 வீதம் இருந்தால் போதும். கருவியின் தண்ணீரைத் தினமும் மாற்றி, கிழமைக்கு ஒருமுறை கழுவ வேண்டும். இரவில் மூக்குத் துவாரத்தில் கொஞ்சம் வாசலின். குளித்துத் துடைத்த கையோடு, ஈரம் முழுக்கக் காய முதல் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், ஆகவே போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பையில் கொஞ்ச நேரம் நிற்க வைக்க வேண்டும்.

வீடு இவ்வளவு உலர்ந்திருக்க யன்னல் மட்டும் ஏன் வடிகிறது? அது குசினியிலிருந்து வருகிற ஆவி. இடியப்பம், புட்டு, சோறு என்று மூன்று நேரமும் நாங்கள் எழுப்புகிற ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. அதைத் துடைக்காமல் விட்டால் சட்டத்தின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், பிறந்த குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது கூடாது. அடுப்பைப் போட முதலே புகை இழுக்கும் விசிறியைப் போடுங்கள், சமைத்து முடிந்து கால் மணித்தியாலம் வரை ஓடட்டும். பகலில் திரைச்சீலையை விலக்கி விடுங்கள். தாளிக்கும்போது ஜாக்கெட் மாட்டியிருக்கும் அலுமாரிக் கதவைச் சாத்திவிடுங்கள். கம்பளியில் ஏறிய மீன் பொரியல் வாசம் ஒரு மாதம் போகாது, மகள் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும்.

தோசை மாவுக்கு வழி, கேக் வேக வைக்கிற ‘அவன்’ அடுப்பு. அடுப்பைப் போடாமல், உள்ளே இருக்கும் லைற்றை மட்டும் போட்டு, மாச்சட்டியை இரவு முழுக்க உள்ளே வையுங்கள். அந்த லைற்றின் சூடே காணும், காலமை பொங்கியிருக்கும். சட்டிக்கு அடியில் ஒரு தட்டம் வையுங்கள். அடுப்புக் கதவில் ‘உள்ளே மா’ என்று ஒரு துண்டு கட்டாயம் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை, பிள்ளை கேக் போட என்று பார்க்காமலே அடுப்பை மூட்டிவிட்டா. பிளாஸ்டிக் சட்டி உருகி, வீடு முழுக்கப் புகை. அந்தக் குளிரில் யன்னல் எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு நடுங்கினோம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் எரிவாயுவில் ஓடுகிறது. புதிய பேர்னஸ்களின் புகை, வீட்டுப் பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குழாயால் போகும். ஒரு பெப்ரவரி காலை ஏழரைக்கு, தனியாக இருக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தபோதே உள்ளிருந்து சூடு வரவில்லை. மனுசன் ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டு, கட்டிலில் போர்வைக்குள் இருந்தார். வாயிலிருந்து புகை போல மூச்சு வந்தது. அவருடைய மகனுக்குப் போன் எடுத்தேன், குழாயைப் பாருங்கள் என்றார். வெளியே சுற்றிப் போனேன். இரவு அடித்த காற்று ஸ்னோவைச் சுவரோடு குவித்து, இரண்டு வெள்ளைக் குழாயையும் முழுக்க மூடியிருந்தது. கையால் தோண்டினேன். வாய் அடைத்ததும் பேர்னஸ் தானாக நின்றிருக்கிறது. அது நிற்காமல் எரிந்திருந்தால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பியிருக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோகும்.

ஆகவே போய் இறங்கிய அடுத்த நாள், தேத்தண்ணி குடித்துவிட்டு மருமகனைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடவுங்கள். அந்தக் குழாய் எங்கே என்று கேளுங்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்ராறியோவில் அது சட்டம். வீட்டுத் தண்ணீரைப் பூட்டும் வால்வு எங்கே, வெளிக்குழாயின் தண்ணீரை உள்ளிருந்து பூட்டியாயிற்றா என்பதையும் கேளுங்கள். தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் பெருக்கும், செப்புக் குழாயே பிளக்கும். பகலில் குழந்தையோடு வீட்டில் இருக்கப் போவது நீங்கள்தானே.

குழந்தையைக் காரில் ஏற்றும்போது, பொம்மென்ற ஜாக்கெட்டோடு இருக்கையில் வைத்துப் பட்டி போடாதீர்கள். பட்டி இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், மோதினால் அந்தப் பஞ்சு அமர்ந்து பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பட்டியை இறுக்கி, அதற்கு மேலால் போர்வையைப் போர்த்துங்கள்.

உங்கள் இருவருக்கும் ஒன்று. டிசம்பரில் பின்னேரம் நாலே முக்கால் அளவில் சூரியன் மறைந்துவிடும். பேஸ்மென்ற் அறையில் ரீவிக்கு முன்னால் நாலு மாதம் இருந்து, முகம் வாடிப்போன எத்தனையோ அம்மாமாரையும் ஐயாமாரையும் பார்த்திருக்கிறேன். மத்தியானம் வெயில் எறித்தால் அரை மணித்தியாலம் வெளியே போங்கள். ஐஸ் உள்ள நாளில் பெரிய வணிக வளாகங்களுக்குள் நடக்கலாம், காலையில் அதற்கென்றே வயதானவர்கள் வருவார்கள். வெளியே நடக்கும்போது சின்ன அடி வையுங்கள், கை சட்டைப்பைக்குள் இருக்கக் கூடாது.

எனக்கு 63 வயது, பிரஷர் இருக்கிறது. மகன் வீட்டுக்குப் போனால் ஸ்னோ தள்ளி உதவலாம் என்று நினைக்கிறேன்.
– முகத்துவாரம் வாசகர்

வேண்டாம் ஐயா. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், அதே நேரத்தில் பாரம் தூக்கினால் இதயத்துக்கு இரட்டை வேலை. ஒவ்வொரு பெரிய ஸ்னோவுக்குப் பிறகும் இதனால் மாரடைப்பு வந்து ஆட்கள் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். ஈர ஸ்னோ பார்க்கத்தான் பஞ்சு, தூக்கினால் ஈர மணல். படிக்கட்டில் உப்புத் தூவுகிற வேலையை எடுங்கள், அதுவும் பெரிய உதவி. மைனஸ் 10, 12க்குக் கீழே போனால் சாதாரண உப்பு வேலை செய்யாது, அப்போது மணல் தூவுங்கள்.

மகள் ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு வைத்தியசாலையில் வேலை. இரவு 11 மணிக்கு முடிந்து, 40 கிலோமீற்றர் தனியாகக் காரில் வருகிறா. ஸ்னோ என்று செய்தியில் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அவவுக்கு என்ன சொல்லட்டும்?
– ஒரு தகப்பன், கொழும்பு 6

கவனம் பிள்ளை என்று மட்டும் சொல்லாதீர்கள். செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள். பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. டிக்கிக்குள் ஒரு கம்பளி, ஒரு சின்ன சவள், பற்றரி வயர், ரோச், ஒரு பை மணல். முன் இருக்கைப் பக்கம் தண்ணீரும் பிஸ்கற்றும், ஒரு ஆழமான தகரப் பேணிக்குள் மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும். போன் சார்ஜ் போடும் வயர். இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நீங்கள் வீடியோவில் கதைக்கும்போது டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கார் ஸ்னோவில் புதைந்தால், காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. கொட்டுகிற ஸ்னோவில் பத்து யார் போனால் கார் தெரியாது. அங்கத்தைய அவசர இலக்கமான 911க்கு அழைத்துவிட்டு உள்ளேயே இருக்க வேண்டும். என்ஜினைப் போட முதல், இறங்கிப் பின்னால் போய் சைலன்சர் குழாயின் வாயைச் சுற்றி ஸ்னோவைத் தோண்டிவிட வேண்டும். பேர்னஸ் குழாய்க்குச் சொன்ன அதே காரணம்தான். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் என்ஜினை ஓட விட்டால் போதும், காற்று வராத பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடட்டும். மெழுகுதிரி கொளுத்தினாலும் கண்ணாடி அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கேளுங்கள். ஸ்னோ கடுமையான இரவில் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் தங்க ஒரு சிநேகிதி வீடு இருக்கிறதா? இருந்தால், இன்றைக்கு அங்கேயே தங்கு பிள்ளை என்று தகப்பனே சொன்னால் அவவுக்கும் அது லேசாக இருக்கும். பிள்ளைகள் பல நேரம் எங்களுக்கு வீட்டுக்குப் போய்விட்டேன் என்று சொல்வதற்காகவே ஓடி வருகிறார்கள்.

ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம். அவவுக்கு இரவு 11 என்றால் உங்களுக்குக் காலை ஒன்பதரை. புறப்படும்போது ஒரு செய்தி, வீடு சேர்ந்ததும் ஒரு செய்தி போடச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் எடுக்காதீர்கள் ஐயா, ஓடிக்கொண்டிருப்பா. ஸ்னோ நாளில் அந்த 40 கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆகும். பதினொரு மணி வரைக்கும் பொறுத்திருங்கள்.